பரிவர்த்தனைப் பத்திரத்தில் இரண்டு நிலம்: ராணுவத் தளமும் நகரமும் நிலம் மாற்றும்போது சுற்றுச்சூழல் அறிக்கையைப் படிக்கும் முறை

உசிலம்பட்டி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே என் அப்பா பத்திர எழுத்தராக இருந்தார். கிரயம், தானம், பாகப்பிரிவினை எல்லாம் வந்த வேகத்தில் எழுதிக் கொடுப்பார். பரிவர்த்தனைப் பத்திரம் என்று யாராவது வந்தால் மட்டும் பேனாவைத் திறக்க மாட்டார். பத்திரத்தில் இரண்டு நிலங்களையும் விவரிக்கும் 'ஏ' ஷெட்யூல், 'பி' ஷெட்யூல் இரண்டுக்கும் வில்லங்கம் போட்டுப் பார்த்த பிறகுதான் எழுத உட்காருவார். வருகிற கட்சிக்காரருக்குத் தான் வாங்கப்போகும் நிலத்தின் மேல்தான் கண் இருக்கும். கொடுக்கப்போகும் நிலத்தை, "அது நம்மதுதானே, தெரியாததா" என்று விட்டுவிடுவார்.

இருபத்திரண்டு வருடமாகக் கலிஃபோர்னியாவில் இருக்கிறேன். வீட்டிலிருந்து ஏழு நிமிடம் நடந்தால் ஒரு ராணுவத் தளத்தின் வேலி. சில வருடங்களுக்கு முன் எங்கள் நகராட்சியும் அந்தத் தளமும் நிலம் மாற்றிக்கொள்ளப் போவதாகச் செய்தி வந்தது. தளம் கொடுப்பது, சாலையோரம் இருந்த பழைய கிடங்குப் பகுதி. நகரம் கொடுப்பது, வேலியை ஒட்டி ஓக் மரங்களும் ஒரு ஓடையும் உள்ள நீளத் துண்டு. கூட்டத்தில் பேசிய அத்தனை பேரும் கிடங்குப் பகுதியில் என்ன கட்டலாம் என்றே பேசினார்கள். ஓடைப் பக்கம் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு அப்பா நினைவுதான் வந்தது.

அப்போது நான் எழுதிக் கொடுத்த முதல் கருத்து ஒரு பக்கம் நீளம். இயற்கையைக் காப்பாற்றுங்கள், மரங்கள் எங்களுக்கு உயிர் என்றெல்லாம் மனம் உருகி எழுதியிருந்தேன். "கருத்து பதிவு செய்யப்பட்டது" என்று ஒரு வரியில் பதில் வந்தது. அதற்குப் பிறகுதான், நிலம் கைமாறுவதால் என்ன பாதிப்பு வரும் என்று சொல்லும் இந்தச் சுற்றுச்சூழல் அறிக்கைகளை எப்படிப் படிப்பது, எங்கே கேள்வி கேட்டால் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். கலிஃபோர்னியாவில் ராணுவத் தளங்களுக்குப் பக்கத்தில் நம் மக்கள் நிறையப் பேர் வீடு வாங்கியிருக்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் தடயம் எங்கே கிடைக்கும்

சுற்றுச்சூழல் அறிக்கை வெளிவரும் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். அதற்குள் பாதி முடிவாகியிருக்கும். உள்ளாட்சிக் கூட்டங்களை மக்கள் முன் நடத்தச் சொல்லும் பிரவுன் சட்டம் இந்த மாநிலத்தில் 1953 முதல் இருக்கிறது. நகர மன்றத்தின் வழக்கமான கூட்டத்துக்கு நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே ஒட்டவேண்டும். நில பேரத்தின் விலையையும் நிபந்தனைகளையும் மூடிய அறையில் பேச அனுமதி உண்டு. ஆனால் எந்த நிலம், யாருடன் பேரம் என்பதை நிரலில் எழுதியாகவேண்டும். "மூடிய அமர்வு: அசையாச் சொத்துப் பேச்சுவார்த்தை" என்ற தலைப்பின் கீழே எதிர்த்தரப்பாக அமெரிக்க அரசோ ராணுவமோ இருந்தால் அன்றே ஒரு கோப்பு திறந்துவிடுங்கள்.

ராணுவத்தின் பக்கம் பார்க்க இரண்டு இடம் உண்டு. அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 10ஆம் தலைப்பில் 2869ஆம் பிரிவு, தளங்களின் நிலத்தைப் பரிவர்த்தனை செய்ய வழி தருகிறது. அந்த வழி பொருந்தாத இடத்தில், நாடாளுமன்றம் ஆண்டுதோறும் நிறைவேற்றும் பாதுகாப்பு அங்கீகாரச் சட்டத்திலேயே தனிப் பிரிவாக நுழைத்துவிடுவார்கள். அதில் 28ஆம் தலைப்பில், நில மாற்றங்கள் என்ற பகுதியில் உங்கள் ஊர்ப் பெயரைத் தேடுங்கள். துல்லியமான ஏக்கர் கணக்கு பின்னால் நடக்கும் சர்வேயில் முடிவாகும் என்று ஒரு வாக்கியம் அங்கே அநேகமாக இருக்கும். அந்த வாக்கியத்தை மறக்காதீர்கள், கடைசியில் தேவைப்படும்.

ஒரு மாற்றத்துக்கு இரண்டு சட்டம்

ராணுவம் மத்திய அரசு என்பதால் அதற்கு 1970 ஜனவரி 1 அன்று கையெழுத்தான தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம். இங்கே எல்லாரும் 'நேபா' என்பார்கள். நகராட்சிக்கு அதே ஆண்டு வந்த மாநிலச் சட்டம், 'சீக்வா'. ஒரே பரிவர்த்தனைதான், ஆனால் கொடுக்கும் கை ஒவ்வொன்றும் தன் சட்டத்துக்குப் பதில் சொல்லவேண்டும். சில சமயம் இரண்டையும் சேர்த்து ஒரே ஆவணமாகப் போடுவார்கள். தனித்தனியாகப் போட்டால் இரண்டையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒன்றில் ஒப்புக்கொண்டது மற்றதில் காணாமல் போயிருக்கும்.

நேபாவில் மூன்று படி. சிறிய வேலை என்று விலக்கு கொடுப்பது முதல் படி. சுற்றுச்சூழல் மதிப்பீடு, அதாவது இ.ஏ., இரண்டாவது. பெரிய பாதிப்பு உண்டென்றால் முழுத் தாக்க அறிக்கை, அது இ.ஐ.எஸ். இந்த மாதிரி மாற்றங்களுக்கு நான் பார்த்தவரை இ.ஏ.தான் போடுகிறார்கள். அதன் முடிவில் "குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை" என்ற கண்டறிதல் வந்தால் மத்திய அரசின் பக்கம் வேலை முடிந்தது.

2023இல் நாடாளுமன்றம் இதற்குப் பக்க வரம்பு வைத்தது. இ.ஏ. 75 பக்கம், ஒரு வருடத்துக்குள். இ.ஐ.எஸ். 150 பக்கம், மிகச் சிக்கலானதற்கு 300, இரண்டு வருடத்துக்குள். பின்னிணைப்புகள் இந்தக் கணக்கில் சேராது. அதனால் சாரமெல்லாம் பின்னிணைப்புக்குக் குடிபெயர்ந்துவிட்டது. நான் இப்போது எந்த இ.ஏ. கையில் வந்தாலும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறேன். மண் பரிசோதனை அட்டவணை, தாவரக் கணக்கெடுப்பு, பழங்குடியினருடன் நடந்த கடிதப் போக்குவரத்து, மீன் வனவிலங்குத் துறையின் கடிதம், எல்லாம் அங்கேதான்.

இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. 2025இல் வெள்ளை மாளிகையின் சுற்றுச்சூழல் குழு தன் பழைய நேபா விதிகளை ரத்து செய்தது. அந்த ஆண்டின் நடுவில் பாதுகாப்புத் துறை தனக்கென்று நடைமுறைகளை வெளியிட்டது. வரைவு இ.ஏ.வைப் பொதுமக்கள் கருத்துக்கு வைத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இன்று இல்லை. ஆகவே தளத்தின் சுற்றுச்சூழல் அலுவலகத்துக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி, "வரைவு வந்தால் எனக்கு அனுப்புங்கள், கருத்துச் சொல்ல 30 நாள் கொடுங்கள்" என்று கேளுங்கள். கேட்டவருக்குக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

சீக்வா பக்கம் இன்னும் கைப்பிடி இருக்கிறது. பெரிய பாதிப்பு இல்லை என்று சொல்லும் 'எதிர்மறை அறிவிப்பு' என்ற சிறு ஆவணம், இவற்றை மாநிலத் துறைகளுக்கு அனுப்பிவைக்கும் மாநிலத் தீர்வகம் வழியாகப் போனால் 30 நாள், முழு அறிக்கை போனால் 45 நாள் கருத்துக் காலம். இது கட்டாயம். நகரம் "இதற்கு விலக்கு உண்டு" என்று சொல்லிவிட்டால் கருத்துக் காலமே இருக்காது. விலக்கு அறிவிப்பைப் பதிவு செய்த நாளிலிருந்து 35 நாளில் வழக்குக் கதவு மூடிவிடும். மற்ற ஆவணங்களுக்கு 30 நாள்தான். மன்றம் முடிவெடுப்பதற்கு முன் யாராவது எழுத்திலோ வாயிலோ எழுப்பாத விஷயத்தைப் பிறகு நீதிமன்றத்தில் எழுப்ப முடியாது.

"காகிதத்தில் மட்டும் கைமாறுகிறது" என்ற வாக்கியம்

இந்த அறிக்கைகளில் நான் அதிக நேரம் செலவிடுவது இந்த ஒரு வாக்கியத்தில்தான். நிலத்தின் உரிமை மாறுவதால் மண்ணில் எதுவும் மாறாது, எனவே பாதிப்பு இல்லை என்று எழுதியிருப்பார்கள். உரிமை மாறிய பிறகு நகரம் அங்கே வீடு கட்டப்போகிறது, தளம் இங்கே வேலியை நகர்த்தி ஓக் மரங்களை வெட்டப்போகிறது. அதற்காகத்தானே மாற்றம்?

மத்திய அரசுப் பக்கம் இந்தக் கேள்வி இப்போது பலம் குறைந்துவிட்டது. 2025 மே மாதம் செவன் கவுண்டி வழக்கில் உச்ச நீதிமன்றம், தனியாக நடக்கும் பிற திட்டங்களின் விளைவுகளை அரசுத் துறை ஆராய வேண்டியதில்லை, துறையின் கணிப்புக்கு நீதிமன்றங்கள் பெரிதும் மதிப்புத் தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. சீக்வாவில் நிலைமை வேறு. அங்கே 'திட்டம்' என்றால் முழுச் செயல். 1988இல் லாரல் ஹைட்ஸ் வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் நிற்கிறது: பின்னால் வரும் கட்டம் முதல் கட்டத்தின் இயல்பாக எதிர்பார்க்கக்கூடிய விளைவாக இருந்து, திட்டத்தின் அளவையோ தன்மையையோ மாற்றும் என்றால் இப்போதே ஆராயவேண்டும். எனவே என்ன கட்டப்போகிறார்கள் என்ற கேள்வியை நகராட்சியிடம் கேளுங்கள், சீக்வாவின் கீழ் கேளுங்கள். மன்றக் கூட்டத்தில் காட்டிய வரைபடம், செய்திக் குறிப்பு, வீட்டுவசதித் திட்டத்தில் அந்த மனை எண் வருகிற பக்கம், இவற்றை இணைத்துவிடுங்கள். திட்டம் இல்லை என்று பிறகு சொல்ல முடியாது.

நகரம் முதலில் ஒப்பந்தம் போட்டுவிட்டுப் பிறகு ஆய்வு செய்வதும் உண்டு. 2008இல் சேவ் தாரா வழக்கில் அதே நீதிமன்றம், ஆய்வுக்கு முன்பே நகரம் ஒரு திட்டத்துக்குத் தன்னைக் கட்டிப்போட்டுக்கொள்ளக் கூடாது என்றது. சீக்வா முடிந்தால்தான் செல்லும் என்ற நிபந்தனையோடு நில ஒப்பந்தம் போட இடமுண்டு. அந்த நிபந்தனை உண்மையாகவே கையைக் கட்டாமல் விடுகிறதா, அல்லது வாக்கியமாக மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பின்வாங்கினால் அபராதம் என்று வேறொரு பக்கத்தில் எழுதியிருந்தால் அதைக் கருத்தில் குறிப்பிடுங்கள்.

'ஏ' ஷெட்யூல்: தளத்திலிருந்து வருவது

ராணுவ மண்ணின் வில்லங்கம் பதிவு அலுவலகத்தில் கிடைக்காது. எப்படிப்பட்ட வில்லங்கம் என்று தெரிந்துகொள்ள நான் பார்த்துக் கற்ற இடம் மான்டரே விரிகுடாவின் ஓரத்தில் இருக்கும் பழைய ஃபோர்ட் ஆர்ட். 1917இல் பயிற்சி நிலமாக ஆரம்பித்து 28,000 ஏக்கருக்கு வளர்ந்த தளம், 1994இல் மூடப்பட்டது. அதற்கு நான்கு வருடம் முன்பே, 1990இல், நாட்டில் மிக மோசமாக மாசுபட்ட இடங்களைக் குறிக்கும் சூப்பர்ஃபண்ட் பட்டியலில் அதைச் சேர்த்துவிட்டார்கள். நிலத்தடி நீரில் உலோகத்தைக் கழுவப் பயன்படுத்திய கரைப்பான்கள். மரப் பாசறைகளில் ஈயப் பெயின்ட், ஆஸ்பெஸ்டாஸ். சுமார் 8,000 ஏக்கர் குண்டு விழும் பகுதியில் வெடிக்காத குண்டுகள். இன்று அங்கே பல்கலைக்கழகம் இருக்கிறது, 2012 முதல் 'நேஷனல் மான்யுமென்ட்' எனப்படும் காக்கப்பட்ட இயற்கை நிலமும் இருக்கிறது, தூய்மைப் பணியும் நடந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பக்கத்து நகரங்களில் குண்டு இருக்கலாம் எனக் குறித்த மனைகளில் 10 கன கஜத்துக்கு மேல் மண்ணைத் தோண்ட தனி அனுமதி வாங்கவேண்டும். கைமாறிய நிலத்தோடு கூடவே போகும் கட்டுப்பாடு இது. உங்கள் ஊரிலும் இப்படி ஒன்று வருமா என்பதுதான் முதல் கேள்வி.

பார்க்கவேண்டிய ஆவணத்தின் பெயர் 'சொத்தின் சுற்றுச்சூழல் நிலை' அறிக்கை. இ.ஏ.வில் அதன் சுருக்கம்தான் இருக்கும், முழுதையும் கேளுங்கள். தராவிட்டால் மத்திய அரசிடம் தகவல் உரிமைக் கோரிக்கை போடலாம், 20 வேலை நாளில் பதில் சொல்லவேண்டும். நகராட்சியிடம் மாநிலச் சட்டப்படி கேட்டால் 10 நாளில் உண்டா இல்லையா என்று சொல்லியாகவேண்டும். இதற்கிடையில் மாசுபட்ட இடங்களைக் காட்டும் ஜியோட்ராக்கர், என்விரோஸ்டோர் என்ற இரண்டு மாநில அரசு இணையதளங்களில் முகவரியைத் தட்டிப் பாருங்கள். எங்கள் கிடங்குப் பகுதியில் புதைத்த எரிபொருள் தொட்டி இருந்ததை நான் அங்கேதான் கண்டுபிடித்தேன். 75 பக்க இ.ஏ.வில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

தொட்டி ஏன் முக்கியம் என்று சொல்லவேண்டும். சூப்பர்ஃபண்ட் சட்டத்தின் 120(எச்) பிரிவின்படி, அபாயப் பொருள் இருந்த நிலத்தை மத்திய அரசு கொடுக்கும்போது தேவையான சுத்திகரிப்பு எல்லாம் முடிந்தது என்றும், பிற்பாடு ஏதாவது தெரியவந்தால் தானே வந்து சரிசெய்வதாகவும் பத்திரத்திலேயே உறுதி தரவேண்டும். நல்ல பாதுகாப்பு. ஆனால் பெட்ரோலியம் அந்தச் சட்டத்தின் 'அபாயப் பொருள்' வரையறைக்குள் வராது. டீசல் கசிந்த மண்ணுக்கு அந்த உறுதிமொழி தானாக நீளாது, தனியாகப் பேசி எழுதி வாங்கவேண்டும். சுத்திகரிப்பு முடியும் முன்பே நிலத்தைக் கொடுக்கவும் ஒரு வழி உண்டு, அதற்கு ஆளுநரின் சம்மதம் வேண்டும். ஃபோர்ட் ஆர்டில் 2007இல் சுமார் 3,300 ஏக்கரில் குண்டு அகற்றும் வேலையை ராணுவம் பணம் கொடுத்து உள்ளூர் மறுபயன்பாட்டு ஆணையத்திடமே ஒப்படைத்தது. உங்கள் நகரம் இப்படி ஒரு பொறுப்பை ஏற்கிறதென்றால் பணம் தீர்ந்த பிறகு யார் செலவு செய்வது என்று கேட்காமல் விடாதீர்கள்.

தீயணைப்பு நுரை பயன்படுத்திய இடம் என்றால், அந்த நுரையில் இருந்த, எளிதில் சிதையாத பீஃபாஸ் என்ற வேதிப்பொருள்கள் பற்றிய கேள்வியும் சேரும். விமானத் தளங்களில் பல பத்தாண்டுகள் அந்த நுரையில்தான் பயிற்சி செய்தார்கள். 2024இல் குடிநீரில் அதன் இரண்டு முக்கிய வகைகளுக்கும் லட்சம் கோடியில் 4 பங்கு என்று வரம்பு வைத்தார்கள், அதே ஆண்டு ஜூலையில் அவை சூப்பர்ஃபண்ட் சட்டத்தின் 'அபாயப் பொருள்' பட்டியலுக்குள்ளும் வந்தன. உங்கள் கையிலுள்ள நிலை அறிக்கை பழையது என்றால் அதில் இந்தப் பரிசோதனையே இருக்காது. அறிக்கையின் தேதியை முதலில் பாருங்கள்.

'பி' ஷெட்யூல்: நகரம் கொடுப்பது

இந்தப் பக்கத்தை நீங்களே நடந்து பார்க்கலாம். நடங்கள். காலையில் ஒருமுறை, மழை பெய்த மறுநாள் ஒருமுறை. எங்கே தண்ணீர் நிற்கிறது, எந்தப் பாதையில் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள் என்று படம் எடுத்து வையுங்கள்.

பிறகு கணக்கெடுப்பு நடந்த மாதத்தைப் பாருங்கள். மான்டரே மணல் மேடுகளில் சாண்ட் கிலியா, மான்டரே ஸ்பைன்ஃபிளவர் என்று பாதுகாக்கப்பட்ட இரண்டு சிறு செடிகள் உண்டு. வசந்த காலத்தில் பூத்து, விதை விட்டுக் காய்ந்துவிடும். அக்டோபரில் போய் "காணப்படவில்லை" என்று எழுதினால் பொய் இல்லை, ஆனால் அதற்கு அர்த்தமும் இல்லை. கலிஃபோர்னியா டைகர் சாலமாண்டர் மழைக்கால இரவுகளில்தான் வளையை விட்டு வெளியே வந்து குட்டைகளுக்குப் போகும். எங்கள் ஓடைக்குப் பக்கத்திலும் மழைக்காலத்தில் மட்டும் நிற்கும் ஒரு குட்டை உண்டு. கணக்கெடுப்பாளர் வந்தது செப்டம்பர் மாதம்.

அந்த நிலம் பூங்கா என்றால் அது எந்தப் பணத்தில் வந்தது என்று விசாரியுங்கள். 1965இன் நில நீர்ப் பாதுகாப்பு நிதியில் ஒரு பங்கு வாங்கியிருந்தால் 6(எஃப்) பிரிவின்படி தேசியப் பூங்காத் துறை சம்மதிக்காமல் வேறு பயனுக்கு மாற்ற முடியாது. சம்மதித்தாலும் அதே மதிப்பும் அதே பயனும் உள்ள வேறு இடம் தரவேண்டும். நகராட்சியின் பூங்காத் துறை ஊழியரிடம் கேட்டால் பழைய கோப்பிலிருந்து எடுத்துக் காட்டுவார். நிறைய ஊர்களில் இந்த ஒரு தாள் எல்லாரும் மறந்துபோனதாக இருக்கும்.

இன்னொன்று, வேலிக்கு உள்ளே போனபிறகு அந்த நிலத்தில் நகரத்தின் மண்டல விதி செல்லாது, சீக்வாவும் செல்லாது. மரம் வெட்டத் தளம் உங்களிடம் அனுமதி கேட்காது. எனவே எந்த நிபந்தனையானாலும் கைமாறும் முன் பத்திரத்துக்குள் ஏறவேண்டும். இ.ஏ.வில் "முடிந்தவரை மரங்கள் பாதுகாக்கப்படும்" என்று இருப்பது போதாது.

கருத்து எழுதும் விதம்

ஒரு பத்தியில் ஒரு விஷயம். பக்க எண், என்ன குறை, என்ன செய்யவேண்டும். என் இரண்டாவது கடிதத்தில் ஒரு பத்தி இப்படி இருந்தது:

"பின்னிணைப்பு சி, பக்கம் 14: ஓடைக் கரையில் நீர்நில உயிரினங்கள் இல்லை என்கிறது. கணக்கெடுப்பு செப்டம்பரில் ஒரே நாள் நடந்தது. இணைத்துள்ள படங்கள் 1 முதல் 6 வரை ஜனவரி, பிப்ரவரியில் எடுத்தவை. குட்டையில் தண்ணீர் நிற்பதைக் காட்டுகின்றன. மழைக்காலக் கணக்கெடுப்பு நடத்தி, முடிவு வரும்வரை இந்தத் துண்டை மாற்றத்திலிருந்து நீக்கிவைக்கும் மாற்று வழியையும் ஆராய வேண்டுகிறேன்."

ஆறு வரிதான். அதற்கு மூன்று பக்கம் பதில் வந்தது. மாற்று வழி என்ற சொல்லைக் கட்டாயம் சேருங்கள். எதிர்ப்பு என்று மட்டும் எழுதினால் பதிவு செய்துகொள்வார்கள். செய்யக்கூடிய வேறு வழியைக் காட்டினால் ஏன் முடியாது என்று விளக்கவேண்டும். அதே கடிதத்தைத் தளத்துக்கும் நகராட்சிக்கும் தனித்தனியாக அனுப்பி, பெற்றதற்கான முத்திரை வாங்கி வையுங்கள். ஆங்கிலம் தடுமாறும் என்று தயங்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மா மகளைவிட்டு எழுதவைத்த நான்கு வரி, சத்தம் பற்றியது, எங்கள் எல்லாருடையதையும்விடக் கூர்மையாக இருந்தது. விமானச் சத்தத்தின் 65 டெசிபல் கோடு புதிய மனைகளின் குறுக்கே போவதை அவர் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டியிருந்தார்.

கையெழுத்தான பிறகு

மழைக்காலக் கணக்கெடுப்பு நடந்தது. குட்டையும் அதைச் சுற்றிய கரையும் 'பி' ஷெட்யூலிலிருந்து நீங்கின. மீதித் துண்டு போய்விட்டது, ஓக் மரங்களில் பாதியும் அதோடு போயின.

பத்திரம் பதிவான வாரமே கவுண்டிப் பதிவு அலுவலகத்தில் நகல் வாங்குங்கள். சர்வேக்குப் பிறகுதான் துல்லிய அளவு என்று ஆரம்பத்தில் பார்த்தோமே, அந்த அளவு இங்கேதான் முதன்முதலாக வரும். நான்கெல்லையை இறுதி இ.ஏ.வின் வரைபடத்தோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். இரண்டு பக்கத்துப் பத்திரத்திலும் செய்யுங்கள். எங்களுடையதில் மேற்கு எல்லை "ஓடையின் கிழக்குக் கரை" என்று இருக்கவேண்டிய இடத்தில் "ஓடையின் நடுக்கோடு" என்று இருந்தது. நடுக்கோடு என்றால் குட்டையில் பாதி வேலிக்குள். வரைபடத்தின் நகலும் பத்திரத்தின் அந்தப் பக்கமும் இணைத்து ஒரே ஒரு பத்திக் கடிதம் எழுதினேன். நான்கு மாதம் கழித்துப் பிழைத்திருத்தல் பத்திரம் பதிவானது. அதன் நகலையும் வாங்கி நான்கெல்லையை மறுபடி படித்துப் பார்த்தேன். கிழக்குக் கரை என்று இருந்தது.